பாடி கட்டாத விண்கலம்

2007 டிசம்பர். அப்போது பெங்களூரில் வேலை. சொந்த வேலையாக வந்த மாமா (அம்மாவின் தம்பி) என் ரூமில் இரண்டு நாள் தங்கினார். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் இருந்து அவர் போகாத மாநிலம் இல்லை. ராத்திரி நான் கம்ப்யூட்டரில் ஈவ் ஆன்லைன் விளையாடிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். திரையில் என்னுடைய விண்கலம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஏன் கண்ணு, இதென்ன, இன்னும் பாடி கட்டாத வண்டியா?"

"இல்லைங்க மாமா, வண்டியே இதுதான். கம்பெனில இப்படியேதான் குடுக்கறாங்க."

"அப்ப நம்மூருக்குக் கொண்டாந்து பாடி கட்டச் சொல்லு. மூஞ்சியே சரியில்ல."

அன்றைக்குச் சிரித்துவிட்டுத் தூங்கிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி ரொம்ப வருஷமாக என்னோடு இருக்கிறது. ஒரு வாகனம் அழகில்லை என்று சொல்கிறோமே, அப்போது உண்மையில் எதைச் சொல்கிறோம்? விண்வெளி விளையாட்டுகளில் இந்தப் புகாருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நாமக்கல்லில் அதைவிடப் பழைய வரலாறு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற முயற்சி இது.

ஊசியும் ஆப்பும்

கம்ப்யூட்டர் விளையாட்டு வரலாற்றில் முதல் வரிசையில் இருப்பது ஸ்பேஸ்வார். 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி-1 என்ற கம்ப்யூட்டரில் எழுதினார்கள். அதில் இரண்டே கப்பல். ஒன்று மெலிசாக நீளமாக இருக்கும், இன்னொன்று கொஞ்சம் தடிமன். விளையாடியவர்கள் ஒன்றை 'ஊசி' என்றும் மற்றதை 'ஆப்பு' என்றும் சொன்னார்கள். ஆக, கப்பலின் உருவத்தைப் பார்த்துப் பட்டப்பெயர் வைக்கிற பழக்கம் இந்தத் துறையில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எலீட் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். பிபிசி மைக்ரோ என்ற, 32 கிலோபைட் நினைவகம் உள்ள மெஷினில் எட்டு கேலக்ஸிகளை அடைத்தார்கள். கப்பல்கள் எல்லாம் வெறும் கோடுகள்தான், கோலம் போட்ட மாதிரி. மீதியைப் பார்ப்பவர் மனசு நிரப்பிக்கொள்ளும். கோட்டுக்கு என்ன அழகு, என்ன அழகின்மை?

சிக்கல் படம் தெளிவானதும்தான் வந்தது. கோடு தகடாச்சு, தகட்டில் ஆணி தெரிஞ்சது, துரு தெரிஞ்சது. மனசு நிரப்ப வேண்டிய இடத்தைக் கம்பெனியே நிரப்பிவிட்டது. கருத்து வேறுபாடு அங்கே ஆரம்பம்.

ஈவ் ஆன்லைன் 2003 மே 6-ஆம் தேதி வெளியானது. செய்தது ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரத்தில் உள்ள சி.சி.பி. விளையாடுபவர்களில் பெரும்பாலோர் ஒரே பிரபஞ்சத்தில் இருப்பார்கள். நாலு பேரரசு, நாலு விதமான கப்பல். அமார் கப்பல்கள் பொன் நிறம். கேலண்டே கப்பல்கள் உருண்டு திரண்டு இருக்கும். மின்மட்டார் கப்பல்களைப் பார்த்தால் பழைய இரும்புக் கடையில் கிடைத்ததை வெல்டிங் வைத்த மாதிரி இருக்கும். கால்டாரி கப்பல்களோ பெட்டி பெட்டியாக, பல சமயம் ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் இருக்காது.

கால்டாரி கப்பல்களுக்குப் பெரும்பாலும் பறவைப் பெயர்கள். அதில் மோவா என்று ஒன்று. ரசிகர்கள் 'அழகில்லாத கப்பல்' என்று பட்டியல் போட்டால் ரொம்ப நாள் இதுதான் முன் வரிசையில் நின்றது. இரண்டு பக்கமும் பொருந்தாது, எது முன் எது பின் என்று புரியாது. மோவா என்பது நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்துபோன, பறக்கவே முடியாத பறவை. பறக்காத பறவையின் பெயரை விண்கலத்துக்கு வைத்தவர் தெரிந்து வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா என்று நான் யோசிப்பது உண்டு! கேலண்டே பக்கம் டொமினிக்ஸ் என்ற போர்க்கப்பல். அதை எல்லோரும் 'பறக்கும் உருளைக்கிழங்கு' என்றுதான் சொல்வார்கள். அன்று மாமா பார்த்தது அதைத்தான்.

கேலியும் பாசமும்

ரசிகர்கள் சொன்னதை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, கேலி. உருளைக்கிழங்கு என்று சொன்ன அதே ஆள்தான் டொமினிக்ஸை விற்காமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தார். அதன் சிறு ட்ரோன்களை நம்பிப் பிழைத்தவர்கள் நிறையப் பேர். வீட்டில் செல்லமாக வளர்கிற பையனைக் 'குண்டா' என்று கூப்பிடுகிற மாதிரி.

இரண்டாவது வகை, வாதம். "விண்வெளியில் காற்றே இல்லை. பிறகு எதற்கு மீன் மாதிரி, அம்பு மாதிரி உருவம்? பெட்டியாக இருந்தால் என்ன?" இப்படிச் சொன்னவர்களில் என்னைப் போல இன்ஜினியரிங் படித்தவர்கள் அதிகம் என்பது என் ஊகம்.

மூன்றாவது வகை, கோரிக்கை. "மாத்திக் குடுங்க." இதற்குக் காரணம் உண்டு. ஈவ் விளையாட்டில் கப்பல் அழிந்தால் அழிந்ததுதான், திரும்ப வராது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த ஒரே சண்டையில் 75 டைட்டன் கப்பல்கள் போயின. மொத்த நஷ்டத்தை நிஜப் பணமாகக் கணக்குப் போட்டு சுமார் மூன்று லட்சம் டாலர் என்றார்கள். உழைத்துச் சேர்த்து வாங்கின பொருள், அது கண்ணுக்கு லட்சணமாக இருக்கணும் என்று கேட்பது தப்பா?

கம்பெனியும் கேட்டது. 2007 டிசம்பரில் டிரினிட்டி என்ற பதிப்பில் கப்பல்களுக்குப் புது மெருகு போட்டார்கள். அதற்காகவே நான் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். அப்புறம் ஒவ்வொரு கப்பலாக உருவத்தையே மாற்றினார்கள். மோவாவும் மாறியது. மாறினதும் என்ன ஆச்சு? "பழசே பரவாயில்லை, அதுக்குன்னு ஒரு முகம் இருந்தது" என்று சொல்கிறவர்கள் வந்தார்கள்.

நிஜமான அழகில்லாத கப்பல்

'காற்றில்லாத இடத்தில் பெட்டி போதும்' என்ற வாதத்துக்கு நிஜ உலகில் ஒரு சாட்சி இருக்கிறது. நிலவில் மனிதனை இறக்கிய லூனார் மாட்யூல். 1962-இல் நாசா இந்த வேலையை கிரம்மன் கம்பெனிக்குக் கொடுத்தது. தலைமைப் பொறியாளர் தாமஸ் கெல்லி. முதலில் சீட்டும் பெரிய ஜன்னலும் வைத்துத்தான் வரைந்தார்கள். எடை தாங்கவில்லை. சீட்டை எடுத்தார்கள், ஆட்கள் நின்றுகொண்டே ஓட்டினால் போதும் என்றார்கள். நின்றால் கண் ஜன்னலுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும், அதனால் ஜன்னலையும் சின்னதாக்கினார்கள். கடைசியில் நாலு கால், கோணல் கோணலான தலை, மேலே பளபளக்கும் தாள் சுற்றிய ஒரு பூச்சி மாதிரி ஆகிவிட்டது. 1969 மார்ச்சில் அப்பல்லோ 9-இல் ஆட்களோடு முதலில் பறந்தபோது விண்வெளி வீரர்கள் அதற்கு வைத்த பெயரே 'ஸ்பைடர்', சிலந்தி.

அதே வருஷம் ஜூலையில் நிலவில் இறங்கியது. உடனே ஃபோக்ஸ்வேகன் கார் கம்பெனி அதன் படத்தைப் போட்டு ஒரு விளம்பரம் கொடுத்தது. பார்க்க நல்லா இல்லை, ஆனால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்ற கருத்தில் ஒரே வரி, கீழே கம்பெனி சின்னம். தங்கள் 'வண்டு' காரையும் அழகில்லை என்று ஊரே சொன்னதை அவர்கள் அப்படித் திருப்பிப் போட்டார்கள்.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 பாதி வழியில் ஆக்சிஜன் டேங்க் வெடித்து முடங்கியபோது, இரண்டு பேருக்காகச் செய்த இந்தச் சிலந்திதான் மூன்று பேரை உயிரோடு வைத்திருந்தது. அவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்த பிறகு கிரம்மன்காரர்கள் வேடிக்கையாக ஒரு பில் அனுப்பினார்கள். மெயின் கலத்தைச் செய்த நார்த் அமெரிக்கன் ராக்வெல் கம்பெனிக்கு, 'உங்கள் வண்டியை இழுத்து வந்ததற்கு டோயிங் சார்ஜ், மூன்று லட்சம் டாலருக்கு மேல்' என்று. நம்மூர் ரெக்கவரி வேன்காரருக்கு இந்தக் கதை சொன்னால் ரொம்ப ரசிப்பார்.

நம்மூர் பட்டறைக்கு வருவோம்

மாமா அன்று 'பாடி கட்டாத வண்டி' என்று சொன்னது ஜோக் இல்லை. அவர் வாழ்க்கையில் லாரி என்பது கம்பெனியில் பாதிதான் பிறக்கும்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954-இல் டாடாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் 15 வருஷ ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. சென்னை எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. இந்தக் கம்பெனிகள் பெரும்பாலும் விற்றது சேசிஸ், அதாவது எஞ்சின், சக்கரம், முன்னால் ஒரு முகப்புத் தகடு. கேபின் கிடையாது, கதவு கிடையாது, டிரைவருக்கு ஒழுங்கான சீட்டுகூடக் கிடையாது. ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயில் மழை எல்லாம் வாங்கிக்கொண்டு ஓட்டி வருவார்கள். ஜாம்ஷெட்பூரில் இருந்து நாமக்கல் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர். சின்ன வயசில் ரோட்டோரம் நின்று, அப்படி வரிசையாக வரும் எலும்புக்கூடு வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அது நாமக்கல் வந்தபிறகுதான் லாரி ஆகும். சேலம் - கரூர் ரோட்டில், அப்போது அது என்.எச். 7, இப்போது என்.எச். 44, போய்ப் பாருங்க. இரண்டு பக்கமும் பாடி பில்டிங் பட்டறைகள். திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிக்குப் பெயர் எடுத்தது, சங்ககிரி லாரி ஓனர்களுக்கு, நாமக்கல் பாடி கட்டுவதற்கு. ஆசாரி மரவேலை பார்ப்பார், டிங்கர் தகடு அடிப்பார், வெல்டர், எலக்ட்ரீசியன், குஷன் தைப்பவர், கடைசியில் பெயின்டர். கேபினுக்கு மேலே குலதெய்வத்தின் பெயர். பக்கவாட்டில் பூ, மயில், தாமரை. ஓனருக்கு எந்தக் கலர் ராசியோ அந்தக் கலர். டி.என். 28, 34, 52 நம்பர் வண்டிகள் வட இந்தியாவில் நின்றால்கூட, 'இது நாமக்கல் பக்கத்து வண்டி' என்று முகத்தைப் பார்த்தே மாமா சொல்லிவிடுவார்.

இங்கேயும் அழகு பற்றிய சண்டை உண்டு. பழைய டாடா-பென்ஸ் லாரிகளுக்கு நீளமான மூக்கு. எஞ்சின் முன்னால், டிரைவர் பின்னால். அப்புறம் மூக்கில்லாத தட்டை முக வண்டிகள் வந்தன. காரணம் எளிமையானது: மொத்த நீளத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது, மூக்கைக் குறைத்தால் சரக்கு ஏற்றும் இடம் கூடும். டாடாவின் 1613 மாடலிலேயே மூக்கு வைத்த எஸ்.இ., மூக்கில்லாத எல்.பி.டி. என்று இரண்டும் ஓடின. மாமா மூக்குக் கட்சி. "மொட்டை மூஞ்சி வண்டியில மோதுனா மொதல்ல நம்ம முட்டிதான் போகும். மூக்கு இருந்தா எஞ்சின் முன்னால நிக்கும்" என்பார். எஞ்சின் சூடும் காலுக்கு நடுவில் வராது. அவர் 'மூஞ்சி சரியில்லை' என்று சொன்னால் அதற்குள் முட்டி வலியும் கணக்கில் இருக்கும்.

லேலண்ட் பரம்பரைக்கு அழகைப் பற்றிக் கூச்சமே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து லேலண்ட் தன் லாரிகளுக்கு பீவர், ஹிப்போ, ஆக்டோபஸ், பஃபல்லோ என்றெல்லாம் மிருகப் பெயர் வைத்தது. அசோக் லேலண்டும் பீவர், ஹிப்போ என்ற பெயர்களில் லாரி விட்டது. ரசிகர் பட்டப்பெயர் வைக்கிறதுக்கு முன்னாடியே கம்பெனி 'நீர்யானை' என்று வைத்துவிட்டால், அப்புறம் கேலி செய்ய என்ன இருக்கு?

எங்கே நின்று பார்க்கிறோம்?

பல வருஷம் நான் இப்படித்தான் நினைத்திருந்தேன்: விளையாட்டு ரசிகனுக்குக் கப்பலைத் தொட உரிமையில்லை, அதனால் புகார் சொல்கிறான். நாமக்கல் ஓனருக்கு உரிமை இருந்தது, அதனால் புகார் சொல்லாமல் பட்டறைக்கு ஓட்டிப் போனான். அழகில்லை என்பதன் அர்த்தம் 'இதில் என் கை படவில்லை' என்பதுதான். இதற்கு ஆதாரமும் கிடைத்தது. 2024-இல் ஈவ் விளையாட்டின் ஈக்வினாக்ஸ் பதிப்பில், ரசிகர்களே கப்பலுக்குக் கலரும் டிசைனும் போட்டு, மற்றவர்களுக்கு விற்கவும் வழி செய்தார்கள். 21 வருஷம் கழித்து ஐஸ்லாந்துக்காரர்கள் ஒரு நாமக்கல் பெயின்டிங் பட்டறை திறந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன்.

ஆனால் போன வருஷம் ஊருக்குப் போனபோது நடந்தது அதைக் கலைத்துவிட்டது.

இப்போது காலம் மாறிவிட்டது. 2012-இல் சென்னை பக்கம் ஒரகடத்தில் இருந்து பாரத்பென்ஸ் லாரிகள் கம்பெனி கேபினோடு வந்தன. டாடா, லேலண்ட் இரண்டும் முழுக் கேபின் வண்டிகளை அதிகம் விடுகின்றன. கேபின், பாடி எப்படி இருக்க வேண்டும் என்று ஏ.ஐ.எஸ். 093 என்ற தரவிதி இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். கம்பெனிக் கேபின் வந்தால் பட்டறைக்குக் கேபின் வேலை இல்லை. பின்னால் சரக்குப் பெட்டி கட்டுகிற வேலை மட்டும் மிஞ்சும். பெயின்டருக்கு இடம் குறையும். எல்லா வண்டியும் ஒரே முகம், ஒரே கலர்.

சொந்தக்காரர் ஒருவர் புது வண்டி எடுத்திருந்தார், கம்பெனிக் கேபின், ஏ.சி.யோடு. பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பட்டறை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நானும் மாமாவும் போயிருந்தோம். எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை, பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருந்தது. மாமா இப்போது எழுபதைத் தாண்டியவர், முதுகு வளைந்துவிட்டது. படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஏ.சி.யைப் போடச் சொன்னார். சீட் கீழும் மேலும் மெதுவாக அசைவதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"என்னங்க மாமா, மூஞ்சி நல்லால்லதானே?" என்று கீழே இருந்து கேட்டேன்.

"நல்லால்லதான். மூஞ்சிய நீதான் கண்ணு பாக்கற. நான் உள்ளல்ல உக்காந்திருக்கறன்." அப்புறம் சொன்னார்: "இதுல நான் முப்பது வருஷத்துக்கு முன்னாடியே உக்காந்திருக்கோணும்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மயிலும் தாமரையும் போட்ட அந்தப் பழைய கேபின்களை நான் ரோட்டோரம் நின்று ரசித்தவன். அவர் அதற்குள் சித்திரை வெயிலில், எஞ்சின் சூட்டில், மரப்பலகை சீட்டில் நாக்பூர் வரைக்கும் போனவர். அழகு வெளியே நிற்பவனுக்கும் ஓனருக்கும், சூடு டிரைவருக்கு. விளையாட்டில் இந்தப் பிரச்சினை வராது. அங்கே கேமரா பெரும்பாலும் கப்பலுக்கு வெளியேதான், உள்ளே யாரும் வேர்க்க மாட்டார்கள். அதனால் உருளைக்கிழங்கு என்று தாராளமாகச் சண்டை போடலாம். லூனார் மாட்யூலுக்குள் நின்ற ஆட்கள் அதன் அழகைப் பற்றிக் குறை சொல்லாததில் ஆச்சரியம் இல்லை.

அதற்காகப் பட்டறைக்காரர்கள் போகட்டும் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கைகள் ஒரு ஊரையே வளர்த்தன. ஏ.சி.யும் நல்ல சீட்டும் உள்ள கேபினைக் கட்ட அந்தக் கைகளால் முடியாது என்பதும் இல்லை, ஓனர்கள் அதைக் கேட்கவில்லை, காசு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மேலே மயில் வரையச் சொன்னவர்கள் உள்ளே ஒரு நல்ல குஷன் வைக்கச் சொல்லவில்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கம்பெனி லாரிகளின் முகம் விளம்பரத் தாள்களில் பத்திரமாக இருக்கும். பட்டறையில் கட்டின முகங்களுக்கு அப்படி எதுவும் இல்லை, வண்டி உடைபட்டால் அதோடு போச்சு. உங்கள் வீட்டில் 1970, 80-களில் எடுத்த லாரி போட்டோ இருந்தால், ஆயுத பூஜைக்கு மாலை போட்டு நிறுத்தின படமாக இருந்தாலும் சரி, எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க. முடிந்தால் கேபினுக்கு உள்ளே எடுத்த படமும் தேடிப் பாருங்க. அது கிடைக்கிறதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன்.